பத்து யென் விலையேற்றமும் நான்கு வழிகளும்

2016ஆம் ஆண்டு ஜப்பானியத் தொலைக்காட்சியில் ஒரு விளம்பரம் வந்தது. நிறுவனத்தின் கட்டடத்துக்கு முன்னால் ஊழியர்கள் வரிசை வரிசையாக நிற்கிறார்கள். முதலாளிமார் நடுவில். யாரும் சிரிக்கவில்லை. எல்லோரும் ஒரே நேரத்தில் இடுப்பை வளைத்துத் தலை குனிகிறார்கள். அவர்கள் செய்த குற்றம், ‘காரிகாரி-குன்’ என்ற குச்சி ஐஸின் விலையை 60 யென்னிலிருந்து 70 யென்னாக உயர்த்தியது. 25 ஆண்டுகளாக விலையைத் தொடாமல் இருந்துவிட்டு, பத்து யென் ஏற்றியதற்கு நாட்டு மக்களிடம் மன்னிப்புக் கேட்டார்கள்.

அதே ஆண்டு அந்த நாட்டின் மத்திய வங்கி வட்டியைப் பூஜ்யத்துக்கும் கீழே இறக்கியது. பெரிய வங்கிகளின் சேமிப்புக் கணக்கு வட்டி 0.001 சதவீதம் ஆனது. பத்து லட்சம் யென் போட்டுவைத்தால் ஆண்டு முடிவில் பத்து யென் வரும். ஒரே ஒரு குச்சி ஐஸின் விலையேற்றத்துக்குச் சரியாகப் போகும். அதிலும் வரி பிடிப்பார்கள்.

வளர்ச்சி நின்றுபோன பணக்கார நாடு எப்படி இருக்கும் என்று கேட்பவர்களுக்கு நான் முதலில் இந்த இரண்டையும்தான் சொல்வேன். பட்டினி இல்லை, கலவரம் இல்லை. ரயில் நொடி பிசகாமல் வருகிறது. ஆனால் எதுவும் நகரவில்லை.

முதலில் கணக்கு. 72ஐ வளர்ச்சி விகிதத்தால் வகுத்தால், வருமானம் இரட்டிப்பாக எத்தனை ஆண்டுகள் ஆகும் என்பது ஏறத்தாழ வந்துவிடும். வைப்புநிதி போட்டவர்கள் எல்லோருக்கும் தெரிந்த வாய்பாடு இது. 1950களின் நடுப்பகுதியிலிருந்து 1973 வரை ஜப்பான் ஆண்டுக்குச் சராசரி 9 சதவீதம் வளர்ந்தது. எட்டு ஆண்டுகளில் இரட்டிப்பு. 1960இல் பிரதமர் இக்கேதா ஹயாத்தோ பத்தாண்டுகளில் வருமானத்தை இரட்டிப்பாக்குவேன் என்று திட்டம் போட்டார். ஏழே ஆண்டுகளில் ஆனது. 1974 முதல் 1990 வரை சராசரி 4 சதவீதம். அதன்பின் சுமார் ஒரு சதவீதம், பல ஆண்டுகளில் அதுவும் இல்லை. ஒரு சதவீதத்தில் இரட்டிப்பாக எழுபது ஆண்டுகள். ஒரு மனிதன் பிறந்து, படித்து, உழைத்து, ஓய்வு பெற்று, பேரனைப் பார்த்து முடிக்கும் காலம்.

இந்தச் சரிவு ஜப்பானுக்கு மட்டும் நேர்ந்ததன்று. 1973க்குப் பிறகு அமெரிக்காவிலும் மேற்கு ஐரோப்பாவிலும் இதே கதைதான். ஜப்பான் மற்றவர்களைவிட வேகமாக ஏறியது, மற்றவர்களுக்கு முன்பே மூப்படைந்தது. ஆகவே மற்ற பணக்கார நாடுகள் நாளை எடுக்க வேண்டிய முடிவை அது நேற்றே எடுக்க வேண்டியிருந்தது. அதன் முன் இருந்த வழிகள் நான்கு: கடன் வாங்கிச் செலவு செய்வது, கைகளைப் பெருக்குவது, ஒவ்வொரு கையும் செய்யும் வேலையின் மதிப்பைப் பெருக்குவது, இருப்பது போதும் என்று அமைவது. நான்கையும் அது கொஞ்சம் கொஞ்சம் முயன்றது. அதனால்தான் ஒப்பிட நல்ல நாடு.

வழிகளுக்குள் போகும் முன் பழைய வேகம் எங்கிருந்து வந்தது என்று பார்த்துவிட வேண்டும். 1954 முதல் 1975 வரை ஒவ்வொரு வசந்தத்திலும் வடக்கே ஆவோமோரி போன்ற பகுதிகளிலிருந்து தோக்கியோவின் உவேனோ நிலையத்துக்குச் சிறப்பு ரயில்கள் வந்தன. ஏறி வந்தவர்கள் அப்போதுதான் நடுநிலைப் பள்ளியை முடித்த பதினைந்து வயதுப் பிள்ளைகள். ‘தங்க முட்டைகள்’ என்று அவர்களுக்குப் பெயர். பனி மூடிய வயலில் தந்தைக்கு உதவிக்கொண்டிருந்த பையன் மறுநாள் தோக்கியோவில் ஒரு பட்டறையில் நின்றான். அவன் திறமை ஒரே இரவில் கூடிவிடவில்லை. ஆனால் அவன் உழைப்பின் மதிப்பு பன்மடங்கானது. 1950இல் ஜப்பானிய உழைப்பாளர்களில் ஏறக்குறையப் பாதிப்பேர் விவசாயம், மீன்பிடி, காடு சார்ந்த தொழில்களில் இருந்தார்கள். 1970இல் ஐந்தில் ஒருவர்கூட இல்லை. அதோடு அமெரிக்கா ஏற்கெனவே கண்டுபிடித்து வைத்திருந்த தொழில்நுட்பத்தை உரிமத்தொகை கொடுத்து வாங்கிக்கொள்ள முடிந்தது. எட்டிப் பிடிப்பவனுக்குப் பாதை தெரியும். முன்னால் ஓடுபவன் பாதையையும் தானே வெட்ட வேண்டும். 1975இல் கடைசி ரயில் வந்தது. கிராமத்தில் ஏற்றி வர ஆள் மிச்சமில்லை. அந்த வேகம் இனி எந்த வழியிலும் திரும்பாது. இதை ஒப்புக்கொள்ளாமல் வழிகளை ஒப்பிட்டால் நான்குமே தோல்வியாகத்தான் தெரியும்.

முதல் வழி, கடனும் மலிவுப் பணமும். எந்த அரசுக்கும் பிடித்த வழி, ஏனென்றால் இதில் யாரையும் பகைத்துக்கொள்ள வேண்டாம். 1989 டிசம்பர் 29 அன்று நிக்கேய் பங்குக் குறியீடு 38,915இல் முடிந்தது. பிறகு நிலமும் பங்கும் சேர்ந்து விழுந்தன. (அந்த எண்ணை மறுபடி தாண்ட 2024 பிப்ரவரி வரை காத்திருக்க வேண்டியிருந்தது.) 1990கள் முழுவதும் அரசு ஒன்றன்பின் ஒன்றாகச் செலவுத் திட்டங்களை அறிவித்தது. பெரும்பகுதி சிமெண்டாகப் போனது. ஷிகோக்கு தீவைப் பெருந்தீவோடு இணைக்க ஒரு பாலம் போதாதென்று மூன்று தடங்கள். அதில் ஒரு தடத்தில் 1998இல் திறந்த ஆக்காஷி தொங்குபாலத்தின் இரு கோபுரங்களுக்கு இடையிலான தூரம் மட்டும் 1,991 மீட்டர். நிமிர்ந்து பார்த்தால் கழுத்து வலிக்கும் பொறியியல் சாதனை, அதில் ஐயமில்லை. ஆனால் அந்தத் தீவின் மக்கள்தொகை நாற்பது லட்சத்தைச் சற்றே தாண்டியது, அதுவும் 1980களிலிருந்தே குறைந்துகொண்டிருந்தது. பாலம் வந்ததும் தீவுக்காரர்கள் பேருந்தில் ஏறி கோபேக்கும் ஒசாக்காவுக்கும் கடைக்குப் போனார்கள். ஜப்பானியர் இதற்கு ‘உறிஞ்சுகுழல் விளைவு’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

இந்த வழியை ஒரேயடியாகக் குப்பையில் போட மாட்டேன். வங்கிகள் சரிந்துகொண்டிருந்த 1997, 98இல் அரசும் கையைக் கட்டிக்கொண்டிருந்தால் 1930களின் பெருமந்தம் திரும்பியிருக்கும். விழுந்தவனைத் தூக்கி நிறுத்தும் வேலையைக் கடன் செய்யும். நின்றவனை ஓடவைக்கும் வேலையை அது செய்யாது. விலை என்னவென்றால், அரசின் மொத்தக் கடன் நாட்டின் ஆண்டு உற்பத்தியைப் போல் இரு மடங்குக்கும் மேல். அரசு விற்ற கடன் பத்திரங்களில் ஏறத்தாழப் பாதி, மத்திய வங்கியான ஜப்பான் வங்கியின் பெட்டகத்திலேயே கிடக்கின்றன. வட்டி பூஜ்யமாக இருந்தவரை யாரும் கவலைப்படவில்லை. 2024 மார்ச்சில் எதிர்மறை வட்டி முடிந்தது. இப்போது ஒவ்வொரு கால் சதவீத ஏற்றத்துக்கும் நிதி அமைச்சகம் மூச்சைப் பிடித்துக்கொள்கிறது.

இரண்டாவது வழிக்கு வருவோம். உழைக்கும் வயதினர், அதாவது 15 முதல் 64 வயது வரை, 1995இல் 8.7 கோடி. இப்போது 7.4 கோடிக்கு அருகில். மொத்த மக்கள்தொகை 2008இல் 12.8 கோடியைத் தொட்டுவிட்டு இறங்கிக்கொண்டிருக்கிறது. கை குறைந்தால் கை தேட வேண்டியதுதானே? அதற்கு மூன்று இடங்கள்: வீட்டில் இருக்கும் பெண்கள், ஓய்வு பெற்றவர்கள், வெளிநாட்டார்.

பெண்கள் விஷயத்தில் ஜப்பான் வெளியில் நினைப்பதைவிட நன்றாகவே செய்தது. 15 முதல் 64 வயதுப் பெண்களில் வேலையில் இருப்போர் 2000இல் 57 சதவீதம், 2019இல் 71 சதவீதம். ஆனால் எப்படிப்பட்ட வேலை? பாதிக்கும் மேல் பகுதிநேரம் அல்லது ஒப்பந்தம். இங்கே ஒரு வேடிக்கையைச் சொல்ல வேண்டும். நெடுங்காலமாக அங்கே ‘சுவர்’ என்று ஒன்று உண்டு. மனைவியின் ஆண்டு வருமானம் 10 லட்சத்து 30 ஆயிரம் யென்னைத் தாண்டினால் வருமான வரி. 13 லட்சத்தைத் தாண்டினால் கணவரின் காப்பீட்டு நிழலிலிருந்து வெளியேறித் தானே சந்தா கட்ட வேண்டும். ஆகவே நவம்பர் வந்ததும் பல்பொருள் அங்காடியில் வேலை பார்க்கும் பெண்கள் நாட்காட்டியை எடுத்து மணிக்கணக்குப் போடத் தொடங்குவார்கள். டிசம்பரில், கடையில் கூட்டம் அலைமோதும் அதே மாதத்தில், பாதி ஆட்கள் வேலை நேரத்தைக் குறைத்துக்கொள்வார்கள். மேலாளர் கெஞ்சினாலும் பயனில்லை. கணக்குப்படி அவர்கள் செய்வதுதான் சரி. ஒரு பக்கம் ஆள் இல்லை என்று மாநாடு, மறுபக்கம் உழைத்தால் அபராதம். வரி வரம்பை 2025இல்தான் உயர்த்தினார்கள்.

முதியவர்கள் இன்னும் வியப்பு. 65 முதல் 69 வயதுக்குட்பட்டவர்களில் பாதிப்பேர் வேலையில் இருக்கிறார்கள். சாலையில் பள்ளம் தோண்டும் இடத்தில் ஒளிரும் சிவப்புக் கோலை ஆட்டி வண்டிகளுக்கு வழிகாட்டுபவர் பெரும்பாலும் தலை நரைத்தவர்தான். அவர் விரும்பித்தான் வந்தாரா, ஓய்வூதியம் போதாமல் வந்தாரா என்பதைப் புள்ளிவிவரம் சொல்லாது. எப்படியோ, இந்தக் கிணற்றிலும் தண்ணீர் அடிமட்டத்துக்கு வந்துவிட்டது. எழுபது வயதுக்காரரை எண்பதுவரை நிற்கச் சொல்ல முடியாது.

வெளிநாட்டார் விஷயத்தில் ஜப்பானின் மனம் இரண்டாகவே இருந்திருக்கிறது. 1993இல் ‘தொழில்நுட்பப் பயிற்சி’ என்ற பெயரில் ஆட்களை அழைத்தார்கள். வந்தவர்கள் பயிற்சி பெற்றது பெரும்பாலும் முட்டைக்கோஸ் அறுப்பதிலும் மீன் வெட்டுவதிலும். முதலாளியை மாற்றும் உரிமை இல்லாததால் ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கானவர்கள் ஓடிப்போனார்கள். அந்தத் திட்டத்தைக் கைவிட்டுப் புதிதாக ஒன்று கொண்டுவர 2024இல் சட்டம் வந்தது. 2008இல் இந்தோனேசியாவிலிருந்து, மறு ஆண்டு பிலிப்பைன்ஸிலிருந்து செவிலியரை வரவழைத்தார்கள். சொந்த நாட்டில் தேர்ச்சி பெற்றவர்கள், அனுபவம் உள்ளவர்கள். ஆனால் ஜப்பானிய மொழியில் தேசியத் தேர்வு எழுத வேண்டும். 2009இல் 82 பேர் எழுதினார்கள், ஒருவரும் தேறவில்லை. அடுத்த ஆண்டு 254 பேரில் மூவர். படுக்கைப் புண்ணுக்கு அந்த மொழியில் ‘ஜோகுசோ’ என்று ஒரு சொல். அதன் சீன எழுத்துகளை ஜப்பானியரே வாசிக்கத் தடுமாறுவார்கள். படுக்கைப் புண்ணை ஆற்றத் தெரிந்தவர்களை, அதை எழுதத் தெரியவில்லை என்று திருப்பி அனுப்பினார்கள். விமர்சனம் எழுந்த பிறகு வினாத்தாளின் மொழியைச் சற்று எளிதாக்கினார்கள். 2023இல் வெளிநாட்டுத் தொழிலாளர் 20 லட்சத்தைத் தாண்டினார்கள். மனம் மாறாவிட்டாலும் கடைக்காரர்கள் மாறிவிட்டார்கள். தோக்கியோவில் நள்ளிரவுக் கடையில் கல்லாவுக்குப் பின்னால் நேபாளத்து மாணவரையோ வியட்நாம் மாணவரையோ பார்ப்பது சாதாரணம்.

சரி, கதவை முழுதாகத் திறந்துவிட்டால் பழைய வளர்ச்சி வருமா? பிரிட்டன் நல்ல எதிர்ச்சான்று. அங்கே வெளியிலிருந்து வந்தவர்களுக்குக் குறைவில்லை. ஆனால் 2008 நெருக்கடிக்கு முன் ஆண்டுக்குச் சுமார் 2 சதவீதம் உயர்ந்துகொண்டிருந்த ஒரு மணி நேர உழைப்பின் பலன், அதன்பின் அரை சதவீத அளவில் தவழ்கிறது. கைகள் கூடினால் பானை பெரிதாகும். ஆளுக்கு விழும் சோறு கூடும் என்பதற்கு உறுதியில்லை. ஓய்வூதியப் பெட்டியை நிரப்ப, அரசுக் கடனின் பாரத்தைப் பகிர, இந்த வழி மிகவும் உதவும். வாழ்க்கைத் தரம் உயர வேறொன்று வேண்டும்.

அந்த வேறொன்றுதான் மூன்றாவது வழி. பொருளியலாளர் ராபர்ட் சோலோ 1957இல் ஒரு கணக்குப் போட்டார். 1909 முதல் 1949 வரை அமெரிக்காவில் ஒரு மணி நேர உழைப்பின் உற்பத்தி இரட்டிப்பானதில், கூடுதல் இயந்திரங்களால் வந்தது எட்டில் ஒரு பங்குதான். மீதி ஏழு பங்கும் செய்யும் முறை மாறியதால் வந்தது. நீண்டகால வளர்ச்சி என்று நாம் பேசுவதெல்லாம் அந்த ஏழு பங்கைத்தான்.

இந்த அளவுகோலை வைத்தால் ஜப்பான் ஒரு விசித்திரம். கார் தொழிற்சாலையில் திருகாணியை எட்டி எடுக்கும் நொடியைக்கூட எண்ணிக் குறைத்த நாடு அது. அதே நாட்டின் அலுவலகத்தில் ஒரு தாள் ஐந்து மேசைகளைச் சுற்றி ஐந்து முத்திரை வாங்கும். அரசுக்கு விண்ணப்பத்தை பிளாப்பி தட்டில் கொடுக்கச் சொல்லும் விதிகள் ஆயிரத்துக்கும் மேல் இருந்தன. அவற்றை நீக்கி முடித்தது 2024இல். ஒரு மணி நேர உழைப்பின் பலனில் ஏழு பெரிய தொழில்வள நாடுகளில் ஜப்பான் நெடுங்காலமாகக் கடைசி இடம். தொழிற்சாலையின் சாமர்த்தியம் அதன் மதிற்சுவரைத் தாண்டி வெளியே வரவே இல்லை. இன்றோ பெரும்பாலானோர் வேலை செய்வது மதிற்சுவருக்கு வெளியே.

சேவைத்துறையில் உற்பத்தித் திறனைக் கூட்ட முடியாது, முடி வெட்டுவதற்கு நூறாண்டுக்கு முன் ஆன நேரம்தான் இன்றும் ஆகும் என்று பொருளியல் வகுப்பில் சொல்வார்கள். அந்தப் பாடத்துக்கு நேர் எதிராக 1996இல் தோக்கியோவின் கந்தா பகுதியில் ஒரு முடிதிருத்தகம் திறந்தது. பத்து நிமிடம், ஆயிரம் யென். கல்லா கிடையாது, வாசலில் டிக்கெட் இயந்திரம். சவரம் இல்லை, தலைக்குக் குளியல் இல்லை. வெட்டி முடித்ததும் கூரையிலிருந்து தொங்கும் உறிஞ்சுகுழாயை இழுத்துத் தலையில் உள்ள துணுக்கு முடியை உறிஞ்சிவிடுவார்கள். கத்தரி பிடிக்கும் கை அதே வேகத்தில்தான் போகிறது. கையைச் சுற்றியிருந்த வீண் நேரம்தான் போய்விட்டது. இன்று அந்தக் கடைக்கு நூற்றுக்கணக்கான கிளைகள்.

இது ஏன் எல்லா இடத்திலும் நடக்கவில்லை? என் கணிப்பில் இரண்டு காரணங்கள். ஒன்று, சாகவேண்டிய நிறுவனங்களைச் சாகவிடவில்லை. 1990களில் வங்கிகள் வராக்கடனை மறைக்க, மூழ்கும் நிறுவனத்துக்கே மீண்டும் கடன் கொடுத்தன. 2009 இறுதியில் வந்த சட்டம், சிறு நிறுவனங்கள் கேட்டால் தவணையைத் தள்ளிவைக்கும்படி வங்கிகளை வற்புறுத்தியது. இரக்கமான சட்டம்தான். ஆனால் ஆளும் பணமும் நடைப்பிணமான நிறுவனத்தில் மாட்டிக்கொண்டால் புதிதாக முளைப்பதற்கு எங்கிருந்து கிடைக்கும்? இன்னொன்று, மலிவான உழைப்பு. 1990இல் ஐந்தில் ஒருவராக இருந்த நிரந்தரமற்ற ஊழியர்கள் இன்று ஏறத்தாழ நூற்றுக்கு 37 பேர். 1990களின் நடுவில் பட்டம் பெற்று வேலை கிடைக்காமல் போனவர்களை ‘வேலைவாய்ப்பின் பனியுகத் தலைமுறை’ என்றே அழைக்கிறார்கள். இன்று ஐம்பதைத் தாண்டிவிட்டார்கள், பலர் இன்னும் ஒப்பந்தத்தில்தான். நாளைக்கு இருப்பானோ என்று தெரியாத ஊழியனுக்கு எந்த முதலாளியும் தொழில் கற்றுத்தர மாட்டான்; ஆள் மலிவாகக் கிடைக்கும்வரை டிக்கெட் இயந்திரமும் வாங்க மாட்டான்.

இந்த வழிக்கும் எல்லை உண்டு. அமெரிக்காவில் 1995 முதல் 2004 வரை சில்லறை, மொத்த வியாபாரத்தில் கணினி புகுந்து உற்பத்தித் திறன் பாய்ந்தது. பத்தாண்டுகளில் அந்த ஓட்டம் தணிந்துவிட்டது. கணினிச் சில்லின் அடர்த்தியை இரட்டிப்பாக்க 1970களின் தொடக்கத்தில் தேவைப்பட்டதைப் போல் பதினெட்டு மடங்கு ஆய்வாளர்கள் இப்போது தேவைப்படுகிறார்கள் என்று ஒரு கணக்கு இருக்கிறது. கைக்கெட்டிய கனிகளைப் பறித்தாகிவிட்டது. இனி ஏணி வேண்டும். ஆனால் ஜப்பானின் சேவைத்துறையில் தாழ்ந்த கிளைக் கனியே இன்னும் பறிக்கப்படாமல் தொங்குகிறது. புதிதாக எதையும் கண்டுபிடிக்காமலே, பக்கத்து வீட்டில் செய்வதைப் பார்த்துச் செய்தாலே பல ஆண்டுகளுக்குப் போதும்.

நான்காவது வழிக்கு ஆதரவாளர்கள் கூடிவருகிறார்கள். ஆனை படுத்தாலும் குதிரை மட்டம் என்பது அவர்கள் வாதம். அதில் வலு இருக்கிறது. வேலையின்மை இரண்டரை சதவீத அளவில். பெண்களின் சராசரி ஆயுள் 87. அதைவிட, நாட்டின் மொத்த உற்பத்தியைப் பார்க்காமல் உழைக்கும் வயதில் உள்ள ஆளொன்றுக்கு வகுத்துப் பார்த்தால், 1998 முதல் 2019 வரை ஜப்பானின் வளர்ச்சி 31.9 சதவீதம், அமெரிக்காவின் வளர்ச்சி 29.5 சதவீதம். முப்பதாண்டு இழப்பு என்று ஊரெல்லாம் பேசியதில் பெரும்பங்கு, ஆட்கள் குறைந்ததுதான்.

அப்படியானால் சும்மா இருந்துவிடலாமா? தன் சோற்றைத் தானே விளைவிக்கும் நாடாக இருந்தால் இருக்கலாம். ஜப்பானில் உண்ணும் கலோரியில் 38 சதவீதம்தான் உள்நாட்டில் விளைவது. எண்ணெயும் எரிவாயுவும் ஏறக்குறைய முழுதும் கப்பலில் வருகின்றன. மற்ற நாடுகள் வளர, நாம் நின்றால், நம் நாணயம் இளைக்கும். 2024 கோடையில் ஒரு டாலருக்கு 160 யென்னுக்கு மேல் கொடுக்க வேண்டியிருந்தது. போதும் என்று சொல்பவர் பெரும்பாலும் வீட்டுக்கடன் முடித்தவர். பனியுகத் தலைமுறைக்காரர் சொல்ல மாட்டார். ஹொக்கைதோவில் யூபாரி என்ற நிலக்கரி நகரம் இருக்கிறது. 1960இல் ஒரு லட்சத்துக்கு மேல் மக்கள். சுரங்கம் மூடியபின் கடன் வாங்கிக் கேளிக்கைப் பூங்கா கட்டி, 2007இல் திவாலானது. ஆறு தொடக்கப் பள்ளிகளை ஒன்றாக்கினார்கள். இன்று அங்கே ஏழாயிரம் பேர்கூட இல்லை. முதல் வழியில் போய் நான்காவதில் விழுந்த ஊர் அது. அமைதியாகச் சுருங்குவது எழுத்தில் அழகாக இருக்கும். அங்கே நாற்பது வயதில் வரி கட்டிக்கொண்டிருப்பவரைக் கேட்டால் தெரியும்.

என்னிடம் முடிவெடுக்கும் பேனா கிடைத்தால் பெரும்பகுதி எடையை மூன்றாவது வழியில் வைப்பேன். அதுவும் ரோபோவில் தொடங்க மாட்டேன், கூலியில் தொடங்குவேன். 2024இல் நாடு தழுவிய சராசரிக் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 1,055 யென். அதைச் சொல்லிவைத்து ஆண்டுதோறும் ஏற்றினால், வீண் மணிநேரம் முதலாளிக்கே வலிக்கத் தொடங்கும். அதோடு 13 லட்சம் யென் சுவரை இடிப்பேன். அதற்குச் செலவும் பெரிதில்லை, நவம்பர் நாட்காட்டிக்கும் வேலை போய்விடும். மூடும் கடைக்கு அல்லாமல், அங்கிருந்து வெளியேறும் ஊழியருக்குப் பணம் கொடுப்பேன். இதற்கு அரசியலில் கைதட்டல் கிடைக்காது. பாலத்துக்குத் திறப்பு விழா நடத்தலாம். ஒரு தாளுக்கு ஐந்து முத்திரை ஒரு முத்திரையானதற்கு யார் ரிப்பன் வெட்டுவார்கள்? கடன் வழியை அடுத்த வங்கி நெருக்கடிக்கென்று பூட்டிவைக்க வேண்டும்.

ஒரே ஓர் இடத்தில் என் முடிவு செல்லாது: முதியோர் பராமரிப்பு. முடி வெட்டுவதைப் பத்து நிமிடத்தில் முடிக்கலாம். தொண்ணூறு வயதுப் பாட்டிக்குக் கஞ்சி ஊட்டுவதை முடியாது, அவசரப்படுத்தினால் புரையேறும். படுக்கையில் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை அவரைப் புரட்டிப் படுக்கவைக்க ஆள் வேண்டும். அங்கே இரண்டாவது வழிதான், கதவை விரியத் திறந்து. வருகிறவருக்கு ‘ஜோகுசோ’ என்று எழுதத் தெரியாவிட்டால் போகட்டும். அது வராமல் பார்த்துக்கொள்ளத் தெரிந்தால் போதும்.